அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.!

"அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்துப் பி.ஏ.வுக்குச் சமம், தெரியுமோ!"

இப்படிக் கூறாத முதியவர் நம் நாட்டிலே உண்டோ? திருமண வீட்டுத் திண்ணையிலே, இரயில் பெட்டியிலே, பூங்காவின் கல்லிருக்கையிலே நரைத்த தலையினர் நால்வர் கூடிவிட்டால் போதும். பேச்சு எங்கே தொடங்கினாலும் தாம் பயின்ற உயர்நிலைப் பள்ளியின் வாயிலிலே வந்து நிற்கும். தலைமையாசிரியரின் கண்டிப்பு, கணக்காசிரியரின் பிரம்பு, அன்று கற்ற ஆங்கில இலக்கணம் இன்றும் மறவாத பெருமை, ஒவ்வொன்றாக வரும். இறுதியிலே ஒரு பெருமூச்சு: "அந்தப் பள்ளியும் இல்லை, அந்தப் படிப்பும் இல்லை!"

பெருமூச்சு விடுவோரை நாம் பழிக்கவில்லை. இளமை இனியது, அதை எண்ணிப் பார்ப்பதும் இனியது. அந்த இனிமையை முதலிலே சொல்லிவிடுவோம், வழக்குப் பிறகு இருக்கட்டும்.

அணாக் கணக்கு வழங்கிய நாட்கள் அவை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து சேர்வதற்கு முந்திய நாட்கள். மை வில்லையை வாங்கிப் புட்டி நீரிலே கரைத்து, கட்டைப் பேனாவின் முனையைத் தோய்த்துத் தோய்த்து எழுதிய காலம். சட்டைப் பையிலே ஊற்றுப்பேனா செருகியவன் வகுப்பின் சிற்றரசன்! அந்தச் சிற்றரசனின் சட்டையிலே நாள் தவறாமல் நீலக் கறை; அதுவும் அவனுக்கு ஒரு விருதுதான். பள்ளி வாயிலிலே மாங்காய்க் கீற்றும் மிளகாய்ப்பொடியும், நெல்லிக்காயும், இலந்தவடையும், கமர்கட்டும். அறிவியற் கூடத்திலே ஒருநாள் அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். வேதியியல் நடக்கிறது என்று தெருவே அறிந்துகொள்ளும்! இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, தோரணத்துக்கு மாவிலை, ஆசிரியர் முகத்திலே என்றுமில்லாத புன்னகை. ஆண்டு விழாவிலே 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் வழக்குமன்றக் காட்சி. போர்ஷியாவாக வரும் மாணவனுக்கு அரும்பு மீசை. அதை மழிக்க அவன் மறுக்க, ஷைலாக்கின் கத்தியைவிடக் கூரிய சொற்களால் ஆங்கில ஆசிரியர் அவனை வழிக்குக் கொண்டுவருவார்.

பிறகு தேர்வு. அதன் பிறகு கோடை. தேர்வின் முடிவு நாளிதழிலே வரும், பெயராக அல்ல, எண்ணாக. நகரத்திலிருந்து வரும் முதல் வண்டியை எதிர்பார்த்து நிலையத்திலே ஒரு கூட்டம். சிறிய எழுத்திலே அச்சான எண்களுக்கிடையே தன் எண்ணைத் தேடும் விரல் நடுங்குமே, அந்த நடுக்கத்தை ஐம்பது ஆண்டு கழித்தும் மறந்தவர் இல்லை. எண் கிடைத்தவன் வீட்டிலே பாயசம். கிடைக்காதவன் ஏரிக்கரைப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள அவன் பின்னாலே ஓர் அண்ணனோ மாமனோ.

இவ்வளவும் உண்மை, இவ்வளவும் இனிமை. ஆனால் நாம் கேட்பது வேறு. இந்த நினைவுகள் யாருடையவை?

பழைய வீடுகளின் கூடத்துச் சுவரிலே ஒரு படம் தொங்கக் காணலாம். ஆறாம் பாரத்து மாணவர்கள் விடைபெறும் நாளிலே எடுத்த குழுப்படம். நடுவிலே தலைப்பாகையும் மூடிய கோட்டுமாகத் தலைமையாசிரியர், இருபுறமும் ஆசிரியர்கள், பின்னே பெஞ்சுகளின்மேல் ஏறி நின்று விறைத்த முகத்துடன் மாணவர்கள், அடியிலே ஆங்கில எழுத்திலே பெயர்கள். முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ எடுத்ததாக இருந்தால் பெயர்களோடு சாதியும் சேர்ந்து நிற்கும். படத்தின் உரிமையாளர் ஒவ்வொரு முகமாகச் சுட்டிக் கதை சொல்வார். இவன் தாசில்தார் ஆனான், அவன் மருத்துவன் ஆனான், இதோ இவன் பர்மாவுக்குப் போனான்.

படத்திலே இருப்பவரைப் பற்றிச் சொல்ல அவர் இருக்கிறார். படத்திலே இல்லாதவரைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்?

முதற் பாரத்திலே பக்கத்திலே அமர்ந்திருந்தானே ஒருவன், குயவர் மகன், கணக்கிலே புலி, அவன் எங்கே? மூன்றாம் பாரத்தோடு நின்றுவிட்டான். ஏன்? சம்பளம் கட்டவில்லை.

சம்பளம்! வேலை செய்தவன் வாங்குவது சம்பளம் என்றுதான் இன்றைய பிள்ளை அறியும். அன்றோ, படிப்பவன் மாதந்தோறும் பள்ளிக்குக் கட்டியதற்கும் அதே பெயர். கெடு நாள் கடந்தால் அபராதம். அதுவும் கடந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுத்தர் சீட்டுடன் வருவார்; நிலுவைக்காரர்களின் பெயர் உரக்கப் படிக்கப்படும்; பெயருக்கு உரியவன் எழுந்து, புத்தகத்தைச் சேர்த்துக்கட்டிக்கொண்டு, ஐம்பது கண்கள் பார்க்க வெளியே நடக்க வேண்டும். பின்தங்கிய வகுப்பினர்க்கு அரைச் சம்பளச் சலுகை இருந்தது, உண்மை. மீதி அரைக்கு எங்கே போவது? அறுவடைக்கு அறுவடை காசு காணும் வீட்டிலே மாதத்துக்கு மாதம் சம்பளம் கேட்டால்? வகுப்புக்குப் 'பாரம்' என்று பெயர் வந்தது ஆங்கிலச் சொல்லின் திரிபால்தான். எனினும் ஏழைத் தந்தைக்கு அது தமிழ்ச் சொல்லாகவே விளங்கிற்று. நான்காம் பாரம், ஐந்தாம் பாரம், ஆறாம் பாரம், ஏற ஏறப் பாரம்!

நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு இந்தப் பாரமும் எளிதிலே கிட்டியதில்லை. ஊரிலே இருந்தது எட்டாம் வகுப்போடு முடியும் உயர்தொடக்கப் பள்ளி. அதற்கு மேல் வேண்டுமாயின் பல கல் தொலைவிலே இருக்கும் ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளிக்குத் தூக்குச்சட்டியுடன் நடக்க வேண்டும். மழைக்காலத்திலே வாய்க்கால் நிறைந்தால் படிப்புக்கு விடுமுறை. பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சே இல்லை.

1911-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்திலே மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் கடந்தும், 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். எழுத்தறிந்தவரே அவ்வளவு என்றால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கையிலே ஏந்தியவர் எத்தனை பேர்? மதிப்பெண்களும், பிறந்த நாளும், சாதியும், 'இடக் கன்னத்தில் ஒரு மச்சம்' என்று அங்க அடையாளமும் எழுதிய அந்தப் புத்தகத்தைப் பட்டுத்துணியிலே சுற்றிப் பெட்டியிலே பூட்டி வைத்தனர் என்றால், அதன் அருமை படிப்பால் மட்டுமா வந்தது? கிடைக்காமையாலும் வந்தது!

பள்ளி நினைவுகள் எல்லாமே தேனாக இருந்ததில்லை என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் தம் வாழ்வைச் சிறு நூலாக எழுதினார். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். பின்னாளிலே அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலே அமர்ந்தவர். அவருக்கும் ஒரு பள்ளி நினைவு உண்டு. கோவையிலே அவர் பயின்ற கலாசாலையிலே ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களிலே பத்துப்பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர். பிற பிள்ளைகளோடு பழகினால் குலம் என்ன, வீடு எங்கே என்ற கேள்வி வருமே என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கோ தனித்திருந்து படிப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். பள்ளி விட்டதும் எவரும் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு சேர்வாராம்.

வாயிலிலே மாங்காய்க் கீற்றுத் தின்ற நினைவு அவருக்கு ஏது? நண்பன் தோளிலே கை போட்ட நினைவு ஏது? மணியோசை என்றால் நமக்கு விளையாட்டின் முடிவு. அந்தச் சிறுவனுக்கோ அது மறைவிடத்திலிருந்து வெளிவரும் நேரம். ஒரே பள்ளி, ஒரே மணி!

பெண்ணின் கதை இன்னொன்று. புதுக்கோட்டையிலே பிறந்த முத்துலட்சுமி, பருவம் எய்திய பின் வீட்டிலிருந்தபடியே பயின்று, 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரி வகுப்பு வேண்டும் என்றபோது, ஆண்கள் பயிலும் மகாராசா கல்லூரியிலே ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது. அவர் மருத்துவரானார், 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். மன்னர் ஒருவரே தலையிட வேண்டியிருந்தது ஒரு பெண் படிப்பதற்கு. மன்னர் தலையிடாத ஊர்களிலே எத்தனை முத்துலட்சுமிகள் அடுக்களைப் புகையிலே மறைந்தனரோ!

இனி, அந்தப் படிப்பின் மொழியைப் பார்ப்போம். வீட்டிலே தமிழ், விளையாட்டிலே தமிழ், வயிற்று வலி வந்து அலறினாலும் தமிழ். வகுப்பிலே மட்டும் ஆங்கிலம்! இங்கிலாந்து நாட்டின் ரோஜாப் போர்களை வரிசை மாறாமல் ஒப்பித்தவன் தன் ஊர்க் கோயிற் சுவரிலே வெட்டியிருக்கும் எழுத்து யாருடையது என்று அறிந்ததில்லை. தமிழ்ப் பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். ஊதியத்திலே தாழ்ந்தவர், ஆசிரியர் அறையிலே ஓரத்து நாற்காலிக்காரர், மாணவரின் குறும்புக்கு நிலையான இலக்கு. தலைமையாசிரியர் பதவி அவர் கனவிலும் வராது. ஆயினும், பிற்காலத்திலே மேடையிலும் ஏட்டிலும் தமிழை முழங்கிய பலர், தமக்கு அந்தச் சுடரை ஏற்றியவர் அந்த ஓரத்து நாற்காலிக்காரரே என்பதை மறவாமல் சொல்லினர். நன்றி எங்கே பிறக்கும் என்று யாரால் கூற முடியும்?

முப்பதுகளின் இறுதியிலிருந்து உயர்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் பயிற்றுமொழியாகப் படிப்படியாக வந்தது. "தமிழிலே அறிவியலா? முடியுமா?" என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. விடை முன்னரே எழுதப்பட்டுக் கொண்டிருந்தது. கலைச்சொல் ஆக்குவதற்கென 1916-இலேயே சேலத்தில் ஒரு சங்கம் தோன்றிற்று. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி ஒன்றையே வெளியிட்டது. பிராணவாயு என்பதா, உயிர்வளி என்பதா என்று புலவர்கள் வாதிட்டனர், வாதிடட்டும். எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அதை மூச்சிழுத்து வாழும் பையனுக்கு அது இப்போது தன் மொழியிலே புரிந்தது அல்லவா!

அதே 1938-இலேதான் ஏப்ரல் 21-ஆம் நாள் ஆணையால் 125 உயர்நிலைப் பள்ளிகளிலே இந்துஸ்தானி கட்டாயம் ஆக்கப்பட்டது. நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசிகளாகவே மாண்டனர். 1940 பிப்ரவரி 21-இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. திருவாரூர் போர்டு உயர்நிலைப் பள்ளியிலே கையெழுத்து ஏடு நடத்திய ஒரு பதினான்கு வயது மாணவன் அந்நாளிலே கொடி பிடித்துத் தெருவிலே நடந்தான்; பின்னர் ஐந்து முறை இந்நாட்டின் முதலமைச்சரானான். அவனும் எஸ்.எஸ்.எல்.சி.யிலே தேறியவனல்லன்! அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யை அளவுகோலாக்கும் நண்பர்கள் கலைஞர் கருணாநிதியை எந்த வகுப்பிலே வைப்பார்களோ?

இன்னொருவர் விருதுநகர்க்காரர். பன்னிரண்டு வயதளவிலே பள்ளியை விட்டு, மாமன் கடையிலே துணி அளந்தவர். உயர்நிலை வகுப்பின் வாசற்படியையே மிதிக்காதவர். காமராசர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது நாட்டின் முன்னே நின்றது என்ன? பள்ளியிலே மூன்று மணி நேரம், மீதிப் பொழுது தந்தையின் தொழில் என்று 1953-இல் வகுத்த தொடக்கக் கல்வித் திட்டம். ஏணியின் முதற்படியிலேயே காலைக் கட்டிவிட்டால் ஆறாம் பாரத்தைப் பற்றிப் பேச்சு எதற்கு? குலக்கல்வி என்று நாடே கொதித்தது. ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் தொடக்கப் பள்ளிகளிலே பகலுணவு பரவிற்று. சென்னை மாநகராட்சியிலே பிட்டி தியாகராயர் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தொடங்கி வைத்த உணவுதான் அது, நாடெங்கும் இலை விரித்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊராரே பலகையும் மணியும் நாற்காலியும் சீருடையும் கொடுத்தனர். அறுபதுகளின் நடுப்பகுதிக்குள் பதினோராம் வகுப்பு வரையிலே சம்பளம் என்ற சொல் அரசுப் பள்ளியிலிருந்து மறைந்தது.

சொல் மறைந்தது, எழுத்தர் சீட்டுடன் வருவது நின்றது! குயவர் மகன் நான்காம் வகுப்பிலிருந்து ஐந்துக்கும், எட்டிலிருந்து ஒன்பதுக்கும் வந்தான். அவன் வீட்டிலே பிறந்தநாள் எவருக்கும் நினைவில்லை. தலைக்கு மேலே கையை வளைத்து மறுகாதைத் தொடச் சொல்லி, தொட்டவுடன் சூன் மாதத்திலே ஒரு நாளைக் குறித்து, "இதுதான் உன் பிறந்தநாள்" என்றார் ஆசிரியர். அன்று ஆசிரியரிடம் பிறந்தவர்கள் இன்று நாட்டிலே ஏராளம். சூன் மாதத்துப் பிறந்தநாள் கொண்ட முதியவரைக் கண்டால் நாம் உள்ளூர வணங்குகிறோம். முதல் தலைமுறையாகப் பள்ளி கண்டவர் அவராக இருக்கலாம்!

அப்போது கிளம்பிற்று ஒரு கூக்குரல்: "தரம் போயிற்று!" 1978-இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முறை போய் மேனிலை வகுப்புகள் வந்தபோது அக்குரல் இன்னும் உரத்தது.

பதரென்று பத்தில் ஒன்பதைத் தூற்றிவிட்டு, எஞ்சிய ஒரு பிடி நெல்லைக் காட்டி, "பாருங்கள் எங்கள் விளைச்சலின் தரத்தை!" என்பதா கணக்கு? தூற்றப்பட்டவை பதரல்ல என்பதைப் பின்வந்த தலைமுறையின் மருத்துவரும் பொறியாளரும் நீதிபதியும் காட்டிவிட்டனர். 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80. அந்தக் காலத்து ஆசிரியர் ஒவ்வொரு மாணவனின் வீட்டையும் அறிந்திருந்தார், கையெழுத்தைத் திருத்தினார், மாலையிலே கூலி வாங்காமல் கணக்குச் சொன்னார் என்பது உண்மை. அது குறைந்ததற்கு நாமும் வருந்துகிறோம். வருத்தத்துக்கு உரியது அதுதான். கதவு திறந்தது அன்று.

திறந்த கதவின் நிலை இன்று என்ன என்று கேட்போருக்கும் விடை சொல்ல வேண்டும். சம்பளம் வேறு பெயரிலே திரும்பி வந்திருக்கிறது. தனியார் பள்ளியின் கட்டணச் சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு நகையைக் கழற்றும் தாயை எந்த நகரத்திலும் காணலாம். சாதியும் விடைபெற்றுப் போய்விடவில்லை. தென்மாவட்டங்களிலே மாணவர் மணிக்கட்டிலே சாதிக்கொரு நிறமாகக் கயிறு. 2023 ஆகத்திலே நாங்குநேரியிலே ஒரு மாணவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, கயிறுகளுக்குத் தடையும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குவதும் வேண்டும் என்று 2024-இல் அறிக்கை தந்தது. அன்று கோவைச் சிறுவன் குலத்தை மறைக்க மணியோசைக்குக் காத்திருந்தான். இன்று அதைக் கையிலே கட்டிக்கொண்டு வருகிறான் வேறொருவன்.

இப்போது ஊருக்கு ஊர் பழைய மாணவர் கூட்டங்கள் நடக்கின்றன. நடக்கட்டும், நாமும் போகிறோம், இலந்தவடையைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறோம். ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். அழைப்பு அனுப்புவோர் இறுதி வகுப்பின் குழுப்படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுகிறார்கள். அதை விடுத்து, பள்ளி அலுவலகத்துப் பேழையிலே இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் வகுப்பிலே உங்களோடு சேர்ந்தவர் அனைவரின் பெயரும் அதிலே இருக்கும். இடையிலே நின்றவர் பெயருக்கு நேரே நின்ற நாளும் இருக்கும். அவர்களிலே உயிரோடு இருப்பவர் வீட்டுக்குப் போய் அழைப்பைக் கையிலே கொடுங்கள். "நான் அங்கே படித்து முடிக்கவில்லையே, ஐயா" என்பார் முதலில். மேடையிலே ஒரு நாற்காலி போட்டு, அவர் நின்ற நாளின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.